மோதிரக் கல்லும் களிமண் கட்டியும்

சார்டிஸ் என்பது இன்றைய துருக்கி தேசத்தின் மேற்குப் பகுதியில், ஒரு காலத்தில் லிடியா ராஜ்யத்தின் தலைநகராக விளங்கி, பின்னர் பாரசீக சாம்ராஜ்யத்துக்கு உட்பட்டுப்போன ஊர். டேரியஸ் சக்கரவர்த்தி அரியணை ஏறிய கி.மு. 522-ஆம் ஆண்டை ஒட்டி அங்கே ஒரோயிட்டஸ் என்ற க்ஷத்ரபன் ஆண்டுகொண்டிருந்தான். மாகாண அதிபதியைக் குறிக்கும் இந்தப் பாரசீகச் சொல் நமக்கும் அந்நியமானதன்று. வடமொழியில் வந்து தங்கி, மேற்கிந்தியாவை ஆண்ட சகர் இன மன்னர்களுக்குப் பட்டமாகவும் ஆயிற்று. ஒரோயிட்டஸ் பொல்லாதவன். சாமோஸ் தீவின் அதிபதியான பாலிகிரட்டீஸை வஞ்சகமாக வரவழைத்துக் கொன்றவன். பக்கத்து மாகாணமாகிய டாஸ்கிலியத்தின் க்ஷத்ரபனையும் அவன் மகனையும் கொன்றவன். தனக்குப் பிடிக்காத கட்டளையைக் கொண்டுவந்த அரச தூதனைக்கூடத் திரும்பும் வழியில் ஆள் வைத்துத் தீர்த்தவன். அவனைச் சுற்றி ஆயிரம் பாரசீக ஈட்டி வீரர்கள் காவல் நின்றார்கள். புதிதாகப் பட்டமேற்று, நாலா பக்கமும் கலகத்தை எதிர்நோக்கியிருந்த டேரியஸால் அவன்மீது படை அனுப்ப இயலவில்லை.

கிரேக்க சரித்திராசிரியர் ஹெரோடோட்டஸ் சொல்லுகிறபடி, ஒரோயிட்டஸைத் தீர்க்கும் காரியத்துக்குச் சீட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கப்பட்ட பாகையஸ் என்பவன், பல விஷயங்களைப் பற்றிப் பல கடிதங்களை எழுதுவித்து, ஒவ்வொன்றிலும் டேரியஸின் முத்திரையைப் பதித்துக்கொண்டு தனி ஆளாகச் சார்டிஸுக்குப் போனான். க்ஷத்ரபன் முன்னிலையில், ஒவ்வொரு கடிதமாக உறை நீக்கி, அங்கிருந்த அரச லேககனிடம் படிக்கக் கொடுத்தான். முதலில் கொடுத்தவை சாதாரணக் கடிதங்கள். கடிதத்தின் வாசகத்தைக் கேட்பதைவிட, காவலர்களின் முகத்தைப் பார்ப்பதிலேயே பாகையஸ் கவனமாக இருந்தான். அவர்கள் அந்த முத்திரைக்குக் காட்டிய பக்தியைக் கண்டு துணிவு பிறந்தபின், ஒரோயிட்டஸுக்குக் காவல் நிற்கக் கூடாது என்று சக்கரவர்த்தி ஆணையிடும் கடிதத்தைக் கொடுத்தான். ஆயிரம் ஈட்டிகளும் தரையில் சாய்ந்தன. அடுத்த கடிதம் அவனைக் கொல்லச் சொல்லிற்று. இடுப்பிலிருந்த வாளை உருவி அங்கேயே கொன்றார்கள். சக்கரவர்த்தியோ பல நூறு காதத்துக்கு அப்பால் இருந்தார். சார்டிஸுக்கு வந்தது அவருடைய முத்திரை மட்டுமே.

அந்த ஒரோயிட்டஸின் கையில் மாண்ட பாலிகிரட்டீஸின் கதையிலும் ஒரு முத்திரை மோதிரம் வருகிறது. தன் அளவற்ற அதிர்ஷ்டத்தைக் கண்டு தெய்வங்கள் பொறாமை கொள்ளாதிருக்க, மிகப் பிரியமான பொருள் ஒன்றை இழக்கவேண்டும் என்று எகிப்திய மன்னன் அமாசிஸ் யோசனை சொல்ல, சாமோஸின் சிற்பி தியோடோரஸ் செதுக்கிய மரகதம் பதித்த பொன் மோதிரத்தைக் கடலில் எறிந்தான்; சில நாளில் ஒரு மீனின் வயிற்றிலிருந்து அது அவனிடமே திரும்பி வந்தது. காளிதாசனின் சகுந்தலையை அறிந்த நமக்கு, இழந்த மோதிரம் மீன் வயிற்றில் கிடைப்பதும், அசோகவனத்துச் சீதை ஒரு கணையாழியைக் கண்டு தூதனை நம்புவதும் புதிய செய்திகளல்ல. மோதிரம் ஆளின் அடையாளம் மட்டுமன்று, ஆள் இல்லாத இடத்தில் ஆளாகவே நிற்பது என்ற எண்ணம் மத்தியதரைக் கடலிலிருந்து நம் தேசம் வரையில் பரவியிருந்தது.

அந்தப் பாரசீக சாம்ராஜ்யத்தின் மேற்கு எல்லையில், கி.மு. ஐந்தாம் நான்காம் நூற்றாண்டுகளில் செதுக்கப்பட்டு, இன்று உலகத்தின் பெரிய அருங்காட்சியகங்களில் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் இருக்கும் முத்திரைக் கற்களைப் பற்றித்தான் எழுத நினைத்தேன். ‘கிரேக்க-பாரசீகக் கற்கள்’ என்று இவற்றுக்குப் பெயர். ஒரு நெல்லிக்காயைப் பாதியாக அறுத்துக் கவிழ்த்தாற்போல, ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் குவிந்தும் இருக்கும் வடிவமே இவற்றில் மிகுதி. எகிப்தியரின் சாணவண்டு முத்திரையிலிருந்து வண்டின் உருவத்தை விலக்கி, முதுகின் வளைவை மட்டும் வைத்துக்கொண்ட வடிவம் அது. நீளவாக்கில் துளையிட்டு, மோதிர வளையத்தில் சுழலும்படி மாட்டிக்கொள்வார்கள். கயிற்றிலோ சங்கிலியிலோ கோத்துக் கட்டிக்கொள்வதும் உண்டு. சூதுபவளம், ஜாஸ்பர், ஸ்படிகம் எல்லாம் பயன்பட்டன. ஆயினும் மழை விட்டபின் காணும் வானத்தைப் போன்ற நீலம் கலந்த கால்செடோனிக் கல்லுக்கே அவர்கள் மனம் அதிகமாக ஈடுபட்டிருந்தது.

கல்லை அப்படியே பார்த்தால் ஒன்றும் விளங்காது. விளக்கின் முன் சாய்த்துப் பிடித்தால் ஏதோ குழிகளும் கீறல்களும் தெரியும். ஈரக் களிமண்ணில் அழுத்தி எடுத்த பிறகுதான் உலகம் ஒன்று எழுந்து நிற்கும். இவ்வகைக் கற்களில் திரும்பத் திரும்ப வரும் ஒரு சித்திரத்தைச் சொல்லுகிறேன். குதிரை ஒன்று நான்கு கால்களையும் நீட்டிப் பாய்கிறது. அதன் வாலை நடுவில் முடிச்சிட்டிருக்கிறார்கள். முதுகில் போட்ட விரிப்பின் ஓரம் கோட்டை மதிலின் உச்சியைப் போலப் படிப்படியாக வெட்டப்பட்டிருக்கிறது. சவாரி செய்பவன் காற்சட்டையும் முழுக்கைச் சட்டையும் அணிந்து, காதையும் முகவாயையும் மூடும் மெல்லிய குல்லாய் தரித்த பாரசீகன். அவனுடைய ஈட்டிக்கு எதிரே, வட்டக் கேடயத்தைத் தூக்கியபடி சரிந்துகொண்டிருப்பவன் கிரேக்கக் காலாள். அவன் உடல் தசைகளின் முறுக்கு, முழங்காலின் மடிப்பு எல்லாம் கிரேக்கச் சிற்பத்தின் பாடம். குதிரையின் கனத்த கழுத்தும் வீரனின் உடையும் பாரசீகத்தின் பாடம். தோற்பவன் கிரேக்கன். மாரத்தான் முதலிய யுத்தங்களைக் கிரேக்கர் எழுதிய சரித்திரங்களின் வாயிலாக மட்டுமே அறிந்த நமக்கு, எதிர்ப்புறத்திலிருந்து ஒருவன் அந்தக் காலத்தைப் பார்த்த பார்வை இந்தக் கட்டைவிரல் அளவுக் கல்லில்தான் கிடைக்கிறது.

இவ்வளவையும் செதுக்கியவனின் உழைப்பை எண்ணிப் பார்க்கவேண்டும். கால்செடோனி இரும்பைவிடக் கடினமானது. உளி கொண்டு வெட்ட வராது. வில்லின் நாணைச் சுற்றி முன்னும் பின்னும் இழுத்துச் சுழற்றும் சிறிய துளைக்கருவியின் முனையில், எண்ணெயில் குழைத்த குருந்தப் பொடியை இட்டு, அரைத்து அரைத்துத்தான் குழி பறிக்கவேண்டும். அந்தப் பொடிக்கு ஏஜியன் கடலின் நாக்ஸோஸ் தீவு பேர்பெற்றது. (இந்தக் கனிமத்துக்கு இன்று உலகம் முழுவதும் வழங்கும் ‘கொரண்டம்’ என்ற பெயர் நம்முடைய ‘குருந்தம்’ என்பதிலிருந்து போனது என்பதைச் சொல்லாமல் கடந்துபோக மனம் வரவில்லை.) உருண்டை முனைக் கருவி பறித்த வட்டக் குழிகளைச் சில கற்களில் மிருகங்களின் மூட்டுகளில் இன்றும் காணலாம், சிற்பி அவற்றைத் தேய்த்து மறைக்கவில்லை. செதுக்குவது எல்லாவற்றையும் இடம்வலம் மாற்றிச் செதுக்கவேண்டும். மேடாக வரவேண்டியதைப் பள்ளமாக நினைக்கவேண்டும். ஒரு முறை அதிகமாக அரைத்துவிட்டால் திருத்தத்துக்கு இடமே இல்லை. விற்ற முத்திரையின் பதிவைச் செதுக்கியவன் தன்னிடம் வைத்திருக்கக் கூடாது என்று ஏதன்ஸில் சோலன் சட்டம் செய்தார் என்பார்கள். அந்தக் கையின் திறமையை உலகம் எவ்வளவு மதித்தது, எவ்வளவு அஞ்சியது என்பதற்கு அது ஒன்றே போதும்.

போரும் வேட்டையும் மட்டுமல்ல. நீண்ட பின்னல் முதுகில் தொங்க, கையில் மலரையோ வாசனைத் தைலக் குப்பியையோ ஏந்தி நிற்கும் பாரசீகப் பெண்ணை இக்கற்களில் அடிக்கடி காண்கிறோம். இது சிறிய விஷயமன்று. பாரசீகச் சக்கரவர்த்திகளின் பெர்சிபோலிஸ் அரண்மனையின் சுவர்களிலும் படிக்கட்டுகளிலும் வீரர்கள், பிரபுக்கள், கப்பம் கொண்டுவரும் பல தேசத்தார் என்று எண்ணற்ற மானிட உருவங்கள் வரிசை வரிசையாகச் செல்லுகின்றன. அவற்றினிடையே ஒரு பெண் கூட இல்லை. சாம்ராஜ்யம் கற்சுவரில் சொல்ல விரும்பாததை மோதிரக் கல் சொல்லிவிட்டது.

இப்போது சர்ச்சைக்கு வருவோம். 1900-இல், ஜெர்மானியப் பண்டிதர் அடால்ஃப் ஃபுர்ட்வாங்க்லர், பழங்காலச் செதுக்குக் கற்களைப் பற்றி மூன்று பெருந்தொகுதிகள் கொண்ட கிரந்தத்தை வெளியிட்டார். சிதறிக்கிடந்த ஆயிரக்கணக்கான கற்களுக்கு ஒழுங்கு கற்பித்த அந்த உழைப்புக்கு, இத்துறையில் நுழையும் ஒவ்வொருவரும் இன்றும் கடன்பட்டவரே. அதில் இந்தக் கற்களைத் தனி இனமாக வகுத்து, அயோனியக் கிரேக்கச் சிற்பிகள் பாரசீக எஜமானர்களுக்காகச் செய்தவை என்ற அபிப்பிராயத்தை நிலைநாட்டினார். அன்றுமுதல் சர்ச்சை ஓயவில்லை. செதுக்கிய கை கிரேக்கக் கையா, பாரசீகக் கையா? 1970-இல் ஆங்கில அறிஞர் ஜான் போர்ட்மன், அரசவைப் பாணி, கிரேக்கப் பாணி, கலப்புப் பாணி என்று பகுத்து ஒருவாறு தெளிவு உண்டாக்கினார். பகுப்பு நல்லது. ஆனால் கேள்வி அப்படியே நின்றது.

அந்தக் கேள்வியே தவறாகக் கேட்கப்பட்டது என்பது என் அபிப்பிராயம். ஓர் உருவத்தில் உயிர்த்துடிப்பு இருந்தால் அது கிரேக்கன் கை, விறைப்பு இருந்தால் பாரசீகன் கை என்று தீர்ப்பளிப்பவர், கல்லைப் பார்ப்பதற்கு முன்பே இரண்டு ஜாதியாரையும் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிட்டவர். கிரேக்கனே ஐரோப்பியனின் பிதாமகன், சுதந்திர புருஷன்; கீழ்நாட்டான் இயந்திரம்போலச் சொன்னதைச் செய்பவன் என்ற பத்தொன்பதாம் நூற்றாண்டின் சித்தாந்தம், பூதக்கண்ணாடிக்கும் கண்ணுக்கும் நடுவே வந்து நின்றுகொண்டது. சார்டிஸில் பிரமிடு வடிவில் செய்த முத்திரைக் கற்கள் சிலவற்றில் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. அந்த எழுத்து கிரேக்கமும் அன்று, பாரசீகமும் அன்று, லிடிய எழுத்து. அந்த மண்ணுக்கே உரிய மூன்றாவது ஜனங்கள், தங்கள் பெயரைத் தாங்களே சொல்லிக்கொண்டிருக்க, அவர்களை விட்டுவிட்டு மற்ற இருவருக்குள் வழக்காடிக்கொண்டிருந்தோம். வேறு சில கற்களில் சாம்ராஜ்யத்தின் அலுவல் மொழியான அரமேயம் இருக்கிறது.

டேரியஸையே சாட்சிக்கு அழைக்கலாம். சூசா நகரில் தன் அரண்மனையை எழுப்பியபோது வெட்டுவித்த சாசனத்தில், கல் வேலை செய்தவர்கள் அயோனியரும் சார்டிஸ்காரரும் என்றும், பொன் வேலை மேதியருக்கும் எகிப்தியருக்கும் உரியது என்றும், செங்கல் சுட்டவர்கள் பாபிலோனியர் என்றும் பெருமையோடு அவர் சொல்லிக்கொள்கிறார். தந்தம் எங்கிருந்து வந்தது என்று சொல்லும் இடத்தில் சிந்துவின் பெயரும் வருகிறது. பல ஜாதிக் கைகள் கூடிச் செய்ததை மறைக்கவேண்டிய குறையாக அவர் கருதவில்லை. அதுவே தன் அரசின் மகிமை என்று கருதினார். அந்த வம்சத்தின் கடைசிச் சக்கரவர்த்தியாகிய மூன்றாம் டேரியஸ் கி.மு. 330-இல் மாண்ட பிறகு, அலெக்ஸாண்டர் ஐரோப்பாவுக்கு அனுப்பும் கடிதங்களுக்குத் தன் பழைய மோதிரத்தையும் ஆசியாவுக்கு அனுப்பும் கடிதங்களுக்கு டேரியஸின் மோதிரத்தையும் பயன்படுத்தினான் என்று ரோமானிய ஆசிரியர் கர்ட்டியஸ் எழுதுகிறார். ஒரே கை, இரண்டு முத்திரை. முத்திரையின் ஜாதியைத் தீர்மானிப்பது அதைச் செதுக்கியவனின் பிறப்பா, பதிப்பவனின் அதிகாரமா, பதிவைக் கண்டு பணிபவனின் மனமா?

இதற்கு விடை கல்லில் இல்லை. களிமண்ணில் இருக்கிறது.

1933-இல், சிகாகோ பல்கலைக்கழகத்தின் கீழ்நாட்டு ஆராய்ச்சிக் கழகத்துக்காகப் பெர்சிபோலிஸில் அகழ்ந்துகொண்டிருந்த எர்ன்ஸ்ட் ஹெர்ட்ஸ்ஃபெல்ட், கோட்டை மதிலின் வடகிழக்கு மூலையில் பல்லாயிரம் களிமண் பலகைகளையும் துண்டுகளையும் கண்டார். உள்ளங்கையில் அடங்கும் பலகைகள். பார்வைக்கு அழகு ஒன்றும் இல்லை. கி.மு. 509 முதல் 493 வரையில், டேரியஸின் ஆட்சியில், யாருக்கு எவ்வளவு மாவு, எவ்வளவு மது, எந்த ஊருக்குப் போகிற பிரயாணிக்கு எத்தனை படி என்ற கணக்கு அவற்றில் பெரும்பாலும் ஈலாமிய மொழியில் எழுதப்பட்டிருக்கிறது. ரிச்சர்ட் ஹாலக் 1969-இல் அவற்றில் 2,087 பலகைகளைப் படித்து வெளியிட்டார். பலகைகளின் ஓரங்களிலும் முதுகிலும் முத்திரைகள். அந்த 2,087-இல் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வெவ்வேறு முத்திரைகளை மார்க் காரிசனும் மார்கரெட் கூல் ரூட்டும் பிரித்தறிந்திருக்கிறார்கள். பலவற்றுக்குத் தேதி உண்டு, இடம் உண்டு, பதித்தவரின் உத்தியோகமோ பெயரோ உண்டு. அந்தக் குவியலில் ஒரே ஒரு பலகை கிரேக்க மொழியில் இருக்கிறது: இரண்டு அளவை மது, பாபிலோனிய மாதப் பெயர், அவ்வளவுதான். கிரேக்கன் ஒருவன் பாரசீகக் கச்சேரியில் உட்கார்ந்து, பாபிலோனிய மாதத்தைப் போட்டுத் தன் மொழியில் கணக்கெழுதினான். எவரும் அவனைத் தடுக்கவில்லை.

அந்தப் பலகைகளில் ஒருவரை எனக்கு மிகவும் பிடிக்கும். பர்னகன் என்பவர், பெர்சிபோலிஸ் நிர்வாகத்துக்குத் தலைவர், அர்ஷாமனின் மகன், சக்கரவர்த்திக்குச் சிற்றப்பன் முறை ஆனவர் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். அவருக்கு நாள் படியாக இரண்டு ஆடுகள் வழங்கப்பட்டிருக்கின்றன என்றால் அவருடைய அந்தஸ்து விளங்கும். கி.மு. 500-இல் அவர் அனுப்பிய உத்தரவு ஒன்றில், வழக்கமான விஷயத்தோடு ஓர் அறிவிப்பும் சேர்ந்திருக்கிறது: முன்பு தம்முடையதாயிருந்த முத்திரை இப்போது இல்லை, இந்தப் பலகையில் பதிந்திருப்பதே இனித் தம் முத்திரை. சாவி தொலைந்து பூட்டை மாற்றும் குடும்பஸ்தனின் கவலையும், ஒரு பேரரசின் காரியங்கள் தவறான கையால் நடந்துவிடக் கூடாதென்ற அதிகாரியின் ஜாக்கிரதையும் அந்த ஒரு வரியில் தெரிகின்றன. இரண்டு முத்திரைகளின் பதிவுகளும் பலகைகளில் இருக்கின்றன. இரண்டிலும் அவர் பெயர் அரமேய எழுத்தில் இருக்கிறது. பாரசீகப் பிரபு, ஈலாமியக் கணக்கு, அரமேயப் பெயர்ப்பொறிப்பு. இவரை எந்த ஜாதிப் பெட்டிக்குள் அடைப்பது?

அரச மாதர்களுக்கும் தனி முத்திரை உண்டு. இர்தபாமா என்ற மாதரசி தன் பெரும் பண்ணைகளின் வேலையாட்களுக்கு வழங்கிய படியைத் தன் முத்திரையால் உறுதி செய்தாள். குதிரை மீதேறி வேட்டையாடும் காட்சி அது. அரண்மனைச் சுவரில் இடம் பெறாத பெண்கள், கணக்குப் பலகைகளில் முத்திரை வைத்து ஆணையிட்டிருக்கிறார்கள் என்பதைக் களிமண்தான் நமக்குத் தெரிவித்தது.

மேற்கே போவோம். ஒரோயிட்டஸ் கொன்ற க்ஷத்ரபன் வீற்றிருந்த டாஸ்கிலியம், மன்யாஸ் ஏரிக்கரையில் இருக்கிறது. அங்கே 1950-களில் துருக்கிய ஆராய்ச்சியாளர் எக்ரெம் அகுர்கல் அகழ்ந்தபோது கிடைத்தவை ஏறத்தாழ 400 களிமண் முத்திரைகள். ஓலையைப்போலச் சுருட்டிக் கட்டிய பப்பைரஸ் கடிதங்களின் முடிச்சில் அப்பிய களிமண் அது, கடிதங்கள் அழிந்துபோயின, களிமண்ணின் பின்புறத்தில் நாரின் தடமும் கயிற்றின் தடமும் இருக்கின்றன. முன்புறத்தில், சக்கரவர்த்தி ஸெர்க்ஸஸின் பெயர் பொறித்த அரசவைப் பாணி முத்திரையும் இருக்கிறது, கிரேக்கப் பாணியில் அமைந்தவையும் இருக்கின்றன. ஒரே அலுவலகம். சமாரியாவின் கதை இன்னும் வியப்பானது. 1962-இல், எரிகோவுக்கு வடக்கே வாடி தலியேயில் ஒரு குகையில் நாடோடி இடையர் கண்டெடுத்த சமாரியா ஆவணங்கள் கி.மு. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த அடிமை விற்பனைப் பத்திரங்கள் முதலியவை. அவற்றில் காணும் பெயர்களில் மிகுதியானவை யூதர்களின் தெய்வமாகிய யாவேயின் நாமத்தைத் தாங்கியவை. அவற்றைக் கட்டிய முடிச்சுகளில் பதிந்த உருவங்களிலோ ஹெரக்ளீஸ் முதலான கிரேக்கத் தேவர்களும், சிங்கத்தோடு பொருதும் பாரசீக வீரனும் கலந்து நிற்கிறார்கள். அலெக்ஸாண்டர் ஆசியாவில் கால் வைப்பதற்கு முன்பே, சமாரியாவில் ஒருவர் கிரேக்க வீரனின் உருவத்தைப் பதித்து அரமேயப் பத்திரத்துக்கு உறுதி செய்தார். அதனால் அவர் கிரேக்கராகிவிடவில்லை.

அழகில்லாத களிமண் இவ்வளவு பேசும்போது, அழகிய கற்களில் பெரும்பாலானவை ஏன் ஊமையாக நிற்கின்றன? காரணம் அவை வந்த வழி. கல்லறையைத் தோண்டியவன் கல்லை மட்டும் எடுத்துக்கொண்டு, எலும்பையும் பானையையும் எறிந்தான். ஸ்மிர்னா முதலிய ஊர்களின் கடைத்தெருவில் அது கைமாறியது. ஐரோப்பியப் பிரபு வாங்கினார். அவர் காலமானபின் ஏலத்துக்கு வந்தது. கடைசியில் அருங்காட்சியகத்தில் ‘சிறிய ஆசியாவிலிருந்து வந்ததாகச் சொல்லப்படுவது’ என்ற அட்டையோடு குடியேறியது. முத்திரை மோதிரங்களும் அடங்கிய புகழ்பெற்ற ஆக்ஸஸ் புதையலும் அப்படியே. ஆமு தரியாக் கரையில் கிடைத்து, வணிகர் வாங்கி, 1880-இல் காபூலருகே கொள்ளையர் கையில் அகப்பட்டு, பர்ட்டன் என்ற ஆங்கிலக் கேப்டனால் பெரும்பகுதி மீட்கப்பட்டு, ராவல்பிண்டிக் கடைகளில் விலையாகி, 1897-இல் ஃபிராங்க்ஸ் என்ற பெருமகனாரின் உயில்வழியே பிரிட்டிஷ் மியூசியத்தை அடைந்தது. அது பூமியில் எப்படிக் கிடந்தது, எதனோடு கிடந்தது என்பதை இனி எவராலும் சொல்ல முடியாது. சார்டிஸில் 1910 முதல் 1914 வரை அகழ்ந்த அமெரிக்கரான பட்லர், கல்லறைகளிலேயே முத்திரைக் கற்களைக் கண்டு குறித்துவைத்தார். அந்தச் சிறு தொகுதி ஆராய்ச்சிக்குத் தந்த உதவியை, இடம் தெரியாத நூறு கற்கள் தரவில்லை.

சேகரிப்போர் இல்லாதிருந்தால் இக்கற்களே அழிந்திருக்கும், ஃபுர்ட்வாங்க்லரின் கிரந்தமும் பிறந்திராது என்று சொல்வார்கள். அதில் நியாயம் உண்டு. சென்ற நூற்றாண்டுகளில் வாங்கிக் காத்தவர்களை நான் குறை கூறவில்லை. ஆனால் களவாடிய கலைப்பொருள்களின் வியாபாரத்தைத் தடுக்க 1970-இல் யுனெஸ்கோ உடன்படிக்கை ஏற்பட்ட பின்பும், வரலாறு சொல்லப்படாத கற்கள் ஏலத்துக்கு வருகின்றன, வாங்குவோரும் இருக்கிறார்கள். விலை கொடுப்பவன் இருக்கும்வரை மண்வெட்டி பிடிப்பவனும் இருப்பான். இடம் அறியாத கல்லில் போலியைக் கண்டுபிடிப்பதும் அரிது; போலியை வைத்துப் பாணியை வகுத்தால் சாஸ்திரமே பொய்யாகும். 1970-க்கு முந்தைய ஆவணம் இல்லாத எந்த முத்திரைக் கல்லையும் பொது நிறுவனம் விலைக்கோ தானமாகவோ ஏற்கக் கூடாது என்பதும், ஏற்கெனவே உள்ளவற்றின் அட்டையில் ‘கிரேக்கச் சிற்பியின் வேலை’ என்ற ஊகத்தை எழுதுவதற்குப் பதிலாக, எந்த ஆண்டில் எவரிடமிருந்து வந்தது, கிடைத்த இடம் தெரியாது என்ற உண்மையை எழுதவேண்டும் என்பதும் என் வேண்டுகோள்.

கற்களுக்கு நேர்ந்த கதி களிமண்ணுக்கும் நேர இருந்தது. பெர்சிபோலிஸ் பலகைகள் 1936-இல் ஆராய்ச்சிக்காகச் சிகாகோவுக்குக் கடனாக அனுப்பப்பட்டவை. 1997-இல் ஜெருசலேமில் நடந்த குண்டுவெடிப்பில் காயமுற்ற அமெரிக்கர்கள், அதற்கு உடந்தை என்று ஈரான்மீது வழக்குத் தொடுத்து, ஏழு கோடி டாலருக்கும் மேற்பட்ட நஷ்டஈட்டுக்குத் தீர்ப்புப் பெற்றார்கள். ஈரான் கொடுக்கவில்லை, ஆகவே சிகாகோவிலுள்ள பலகைகளை ஜப்தி செய்து விற்றுப் பணம் பெற முயன்றார்கள். அவர்கள் பட்ட துன்பம் மெய்யானது. அதை எவரும் குறைத்துப் பேசக் கூடாது. ஆனாலும் ஒரு கச்சேரியின் கணக்குகள் ஆயிரம் சேகரிப்பாளர்களின் அலமாரிக்குச் சிதறிப் போயிருந்தால், பர்னகனின் பழைய முத்திரை ஒரு கண்டத்திலும் புதிய முத்திரை மறு கண்டத்திலும் கிடந்திருக்கும். இரண்டும் ஒருவருடையவை என்று அறிய வழியே இருந்திராது. எங்கே எல்லாம் கைவிட்டுப் போய்விடுமோ என்ற அச்சத்தில், மாத்யூ ஸ்டோல்பர் என்ற பேராசிரியரும் அவருடைய குழுவினரும் பலகை பலகையாகப் படமெடுத்துப் பதிவு செய்தார்கள். 2018 பிப்ரவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், வழக்கைக் கேட்ட எட்டு நீதிபதிகளும் ஒருமுகமாக, ஜப்திக்கு இடமில்லை என்று தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு 1,783 பலகைகள் டெஹ்ரானுக்குத் திரும்பின.

வெளிநாடு செல்லும் தமிழர்கள் இன்று லண்டனிலும் பாரிஸிலும் நியூயார்க்கிலும் இந்தக் கண்ணாடிப் பெட்டிகளின் முன் நிற்கிறார்கள். நீங்களும் அங்கே நிற்க நேர்ந்தால், நீலக் கல்லின் குதிரை வீரனை ஆசை தீரப் பாருங்கள். பிறகு கீழே உள்ள அட்டையில் கிடைத்த இடம் குறித்திருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையானால் அங்குள்ள அதிகாரியிடம் கேளுங்கள். பதில் வரும்வரை கேளுங்கள்.